பொய்னா: கொடுப்பவர் யார்?

அன்புள்ள ஐயா,

சட்டம் படிக்கிறேன். ஆர்வத்தில் லத்தீனும் கற்றுவருகிறேன். தண்டனைக்கு 'பொய்னா' என்று ஒரு சொல் வருகிறது. 'தரே' என்றால் கொடுப்பது. அதனால் 'பொய்னாஸ் தரே' என்பதைத் 'தண்டனை கொடுப்பது' என்று எழுதினேன். விடைப்பகுதியில் 'தண்டனை அடைவது' என்றிருக்கிறது. தண்டிப்பவர்தானே கொடுக்கிறார்? ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 'பெயின்' இதிலிருந்து வந்ததுதானா?

ஒரு வாசகர், மதுரை

*

அன்புள்ள நண்பருக்கு,

விடைப்பகுதி சொல்வதே சரி. லத்தீனில் குற்றம் செய்தவன்தான் பொய்னாவைக் கொடுக்கிறான். தண்டிப்பவர் அதை வாங்கிக்கொள்கிறார். அதற்கு 'பொய்னாஸ் ஸூமெரே' என்பார்கள். நம் ஊரில் 'தண்டம் அழுதேன்' என்று சொல்வது யார்? மாட்டிக்கொண்டவர்தானே. தண்டனை என்பதை விட்டுவிட்டுத் தண்டம் என்று வைத்துப் படியுங்கள், வாக்கியம் நேராகிவிடும்.

இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து ரோமுக்குப் போனது. கிரேக்கத்தில் 'பொய்னே' என்பது கொலைக்கு ஈடாகச் செத்தவரின் உறவினருக்குத் தரும் பொருள். ஹோமரின் இலியட் காவியத்தின் 18ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் அகிலீசின் கேடயம் வருகிறது. அதில் பொறித்த நகரத்தின் சந்தையில் இரண்டு பேர் ஒரு கொலைக்கான ஈட்டைப் பற்றி வழக்காடுகிறார்கள். ஒருவன் முழுதும் கொடுப்பதாகச் சொல்கிறான், மற்றவன் எதையும் வாங்க மறுக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் கற்களில் உட்கார்ந்து கேட்கிறார்கள். தண்டிக்க ஓர் அரசன் அங்கே இல்லை. இழந்தவன் தானே முன்னால் நின்று, ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறான். சட்டம் படிக்கும் நீங்கள் இந்த இடத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். இன்றைய குற்ற வழக்கில் அரசுதான் வாதி. பறிகொடுத்தவர் பெரும்பாலும் சாட்சிக் கூண்டோடு நின்றுவிடுகிறார். அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

அதற்காகப் பழைய முறையைக் கொண்டாடவும் முடியாது. கி.மு. 450 வாக்கில் ரோமில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் பொய்னாவுக்கு விலைப்பட்டியலே உண்டு. சுதந்திர மனிதனின் எலும்பை முறித்தால் 300, அடிமையின் எலும்பென்றால் 150. சிறிய அவமதிப்புக்கு 25 ஆஸ். ஆஸ் என்பது செம்பு நாணயம். காலம் போகப் போக அந்த 25 ஆஸ் அற்பக் காசாகிவிட்டது. அப்போது லூசியுஸ் வெராத்தியுஸ் என்ற பணக்காரன் செய்ததை ஆலுஸ் கெல்லியுஸ் என்ற ரோம எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். தெருவில் எதிர்ப்படுபவர்களின் கன்னத்தில் அறைவான். பின்னாலேயே பணப்பையோடு வரும் அடிமை, அறை வாங்கியவருக்கு 25 ஆஸை எண்ணிக் கொடுப்பான். சட்டப்படி கணக்கு முடிந்தது! தொகை நிலையாக இருந்தால் காசுள்ளவனுக்கு அது அனுமதிச்சீட்டுதான். பிறகு பிரேட்டர் என்ற நீதி அதிகாரிகள் அந்தத் தொகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வழக்கிலும் இழப்பைத் தனியாக மதிப்பிட ஆள் நியமித்தார்கள்.

இலக்கியத்தில் பொய்னா பணத்தோடு நிற்பதில்லை. ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஈனிட் காவியம் முடியும் இடத்தில், காயம்பட்டு விழுந்த துர்னுஸ் உயிருக்குக் கெஞ்சுகிறான். துர்னுஸ் முன்பு கொன்ற இளம் நண்பன் பல்லாஸின் கச்சை அவன் தோளில் கிடப்பதைக் காவியத் தலைவன் ஈனியாஸ் பார்க்கிறான். உன் இரத்தத்திலிருந்து பல்லாஸே பொய்னாவை வாங்கிக்கொள்கிறான் என்று சொல்லிக் குத்துகிறான். வினை அதே 'ஸூமெரே'தான். கொடுக்க வேண்டியது இப்போது உயிர், வாங்குபவன் ஏற்கெனவே செத்தவன். 'தண்டிக்கிறான்' என்று மொழிபெயர்த்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் மறைந்துபோகும். அதனால்தான் உங்கள் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

'பெயின்' பற்றி: ஆமாம், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 'பீனல் கோடு', 'பெனால்டி' எல்லாம் அதே குடும்பம். நீதிமன்றம் அனுப்பும் 'சப்பீனா'வும் 'சுப் பொய்னா'தான், அதாவது 'தண்டத்துக்கு உட்பட்டு'. வராவிட்டால் தண்டம் உண்டு என்ற எச்சரிக்கையே அந்த ஆணைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

அன்புடன்.