நிலத் தரகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் நிலம் விற்பவர்கள் தரகரிடம் ஏமாறுவதைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி தரகர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. மறுபாதி, மற்றவர்களைப் பற்றித் தரகர்கள் எழுதியவை. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் பல ஆண்டுகள் சொத்து வழக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில், இரு தரப்பின் குறைகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது: இடத்தைக் காட்டுவதற்கு முன்னால் பேசியிருக்க வேண்டியதை யாரும் பேசுவதில்லை.

கேள்வி: வீரவநல்லூர் அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் என் தந்தையார் பெயரில் 62 சென்ட் நன்செய் உள்ளது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் மும்பையில் வேலை செய்வதால், விற்றுத் தரும்படி மூன்று புரோக்கர்களிடம் சொல்லி ஒன்றரை ஆண்டாகிறது. ஒருவர் ஃபோனையே எடுப்பதில்லை. ஒருவர் மாதம் தவறாமல் விலையைக் குறைக்கச் சொல்கிறார். மூன்றாமவர், பவர் (எனக்காக விற்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் ஒரே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரு தரகரிடம் நான் எதை எதிர்பார்க்கலாம்?

பதில்: அதற்கு முன், அவர்கள் உங்களிடம் எதிர்பார்த்திருக்கக் கூடியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நிலத்தை மூவரிடம் கொடுத்தால் மூன்று மடங்கு வேலை நடக்கும் என்று வெளியூரிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தாம் பெட்ரோல் செலவு செய்து நான்கு பேரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகு, ஐந்தாவது ஆளை இன்னொருவர் கூட்டி வந்து தரகை வாங்கிக்கொண்டு போவார் என்ற ஐயம் மூவருக்குமே இருக்கும். அதனால் மூவருமே சும்மா இருப்பார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாத காலத்துக்கு அவர் மூலமாக மட்டுமே விற்பதாகவும், தரகு இவ்வளவு என்றும், அது எந்த நாளில் தரப்படும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தரகு விகிதத்தை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. நம் பக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்பது பேச்சுவழக்கு மட்டுமே.

அடுத்தது ஆவணங்கள். நிலம் இன்னும் உங்கள் தந்தையார் பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், உங்கள் தாயாருக்கும் உடன்பிறந்த சகோதரிகளுக்கும் அதில் உரிமை உண்டு. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், தாயார், சகோதரிகளின் சம்மதம் ஆகியவை இல்லாத நிலத்தை எந்தத் தரகராலும் விற்க முடியாது. வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பதும் இதுவாகத்தான் இருக்கும். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரர்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் வலுவான பாதுகாப்புத் தருகிறது. பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவியிருக்கும் வயலைக் காட்டப் போன இடத்தில், வரப்பில் நின்று ஒருவர் ‘இது என் குத்தகை’ என்று சொன்னால், அன்றோடு அந்தத் தரகர் உங்கள் நிலத்தின் பக்கம் வரமாட்டார். அளவிலும் தெளிவு வேண்டும். ஊரில் மரக்கால் விதைப்பாடு என்பார்கள், நீங்கள் சென்ட் என்கிறீர்கள், பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் பேசும். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 25 ஏர் என்றிருந்தால் உங்கள் 62 சென்ட் சரிதான். 23 ஏர் என்றிருந்தால், விலை பேசுவதற்கு முன்பே சர்வேயரை அழைத்து அளந்துவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல்வர், முகவர் உறவைப் பற்றி இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. 1872இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் 182 முதல் 238 வரையிலான பிரிவுகளை இன்று படித்தாலும், வண்ணார்பேட்டை டீக்கடையில் நடக்கும் பேச்சுக்கு அப்படியே பொருந்தும். (இங்கே ‘முதல்வர்’ என்பவர் கோட்டையில் இருப்பவர் அல்லர், வேலையை ஒப்படைப்பவருக்குப் பத்திர எழுத்தர்கள் வைத்திருக்கும் பெயர் அது.) முகவர் உங்கள் அறிவுறுத்தலின்படி நடக்க வேண்டும், அத்தொழிலில் உள்ளவருக்கு இயல்பாக இருக்க வேண்டிய திறமையைக் காட்ட வேண்டும், கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும், சிக்கல் நேரும்போது உங்களைத் தொடர்புகொண்டு யோசனை கேட்க முயல வேண்டும். ஃபோனை எடுக்காதவர் விஷயத்தில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விலையைக் குறைக்கச் சொல்பவரை உடனே சந்தேகிக்க வேண்டாம். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். சுற்றியுள்ள சர்வே எண்களில் அண்மையில் பதிவான கிரயங்களைக் காட்டச் சொல்லுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்க விவரத்தையும் மும்பையிலிருந்தே நீங்களும் பார்க்க முடியும். அவர் காட்டும் கிரயத் தொகைகள் உங்கள் எதிர்பார்ப்பைவிடக் குறைவாக இருந்தால் அவர் உங்களுக்கு நல்லது சொல்கிறார். ஒன்றையும் காட்டாமல் வாயால் மட்டும் குறைத்தால், வாங்குகிறவர் யாரோ ஏற்கெனவே அவர் கைக்குள் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

பவர் மட்டும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் அசையாச் சொத்துக்கான பொது அதிகார ஆவணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்தாலும் நிலத்தின் உரிமை அதனால் மாறுவதில்லை, விற்கும் அதிகாரம் மட்டுமே கைமாறுகிறது. அதிகாரத்தைக் கொடுத்த பின், எந்த விலைக்கு விற்பது என்பதில் உங்கள் குரல் மிகவும் மெலிந்துவிடும். கிரயத்தன்று ஒரு நாள் ரயிலேறி வந்து நீங்களே கையெழுத்திடுங்கள். முடியாவிட்டால், தரகுத் தொகையில் பங்கில்லாத உங்கள் உறவினர் ஒருவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: நான் ஆலங்குளத்தில் இருபது ஆண்டுகளாகத் தரகு வேலை செய்கிறேன். ஒரு வீட்டு மனையைத் தென்காசிக்காரர் ஒருவருக்கு மூன்று முறை அழைத்துச் சென்று காட்டினேன். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று போனவர், இரண்டு மாதம் கழித்து உரிமையாளரை நேரில் பார்த்துப் பத்திரத்தையும் முடித்துவிட்டார். இருவரும் இப்போது என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறார்கள். எனக்குத் தரகு கிடைக்குமா?

பதில்: கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை நிரூபிக்க முடியுமா என்பதுதான் சிக்கல். ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆவது பிரிவின்படி, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், ஒப்படைத்த வேலை முடியும்போதுதான் முகவருக்கு ஊதியம் சேரும். தரகர் கொண்டு வந்து நிறுத்திய ஆளே வாங்கியிருந்து, விற்பனைக்கு அவருடைய உழைப்பே உண்மையான காரணம் என்று காட்ட முடிந்தால், கடைசிப் பேச்சில் அவர் உடனிருக்கவில்லை என்பது மட்டுமே தரகை மறுக்கக் காரணமாகாது. ஆனால் உரிமையாளர் உங்களிடம் வேலையை ஒப்படைத்தார் என்பதையும், தரகு எவ்வளவு என்பதையும், இந்த வாங்குபவரை அறிமுகம் செய்தது நீங்கள்தான் என்பதையும் நீங்கள் காட்டியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பியது, உரிமையாளர் விலை சொல்லி அனுப்பிய குரல் பதிவு, மூவருமாக மனையில் நின்ற நாளின் அழைப்பு விவரம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்கள். முதலில் வழக்கறிஞர் மூலம் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. அறிவிப்பு போன பிறகு, பாதித் தொகைக்காவது உரிமையாளர்கள் இறங்கி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனிமேல் இடத்தைக் காட்டுவதற்கு முன், உரிமையாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘இன்ன தேதியில், இன்னாரை, இந்த மனைக்கு அழைத்து வருகிறேன், முடிந்தால் தரகு இவ்வளவு.’ அவர் ‘சரி அண்ணாச்சி’ என்று பதில் போட்டால் போதும். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் பின்னால் என்னைத் தேடி வருகிறார்கள். உங்களுக்குக் கசப்பான இன்னொன்றும் உண்டு. இரு தரப்பும் சேர்ந்து தரகரை ஒதுக்குவதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. வாங்குபவரின் பேச்சை உரிமையாளரிடமும், உரிமையாளரின் பேச்சை வாங்குபவரிடமும் போக விடாமல் நடுவில் நின்று மறைக்கும் தரகரை, சந்தர்ப்பம் கிடைத்ததும் இருவருமே தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று சந்திப்புகளில் ஒன்றிலாவது இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

கேள்வி: பெருமாள்புரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டை விற்கும்போது, ‘எனக்கு நாற்பது லட்சம் வந்தால் போதும், மேலே கிடைப்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தரகரிடம் சொல்லியிருந்தேன். பத்திரமும் நாற்பதுக்கே பதிவானது. இப்போது, வாங்கியவர் நாற்பத்தாறு கொடுத்ததாக அவர் மனைவியே சொல்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் அந்த ஆறு லட்சத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: உங்களுக்குத் தெரியாமல் தரகர் தமக்கென ஆதாயம் தேடியிருந்தால், 216ஆவது பிரிவின்படி அதை நீங்கள் கேட்டுப் பெறலாம். ஆனால் இங்கே அனுமதி கொடுத்தது நீங்களே, அம்மா. சொன்ன வாக்கியத்துக்கான விலை ஆறு லட்சம் என்று ஆகிவிட்டது. வழக்குக்குப் போக வேண்டாம் என்பதே என் யோசனை.

ஆனாலும் இந்த ‘மேல்விலை’ ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் விற்பவர்கள் இதைத் தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த வாக்கியத்தைச் சொன்ன நொடியிலேயே தரகர் உங்கள் ஆள் என்ற நிலை போய், உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையில் நிற்கும் ஒரு வியாபாரியாக மாறிவிடுகிறார். நாற்பத்திரண்டுக்கு நல்ல மனிதர் ஒருவர் ரொக்கத்தோடு வந்து நின்றாலும், நாற்பத்தாறுக்கு ஆள் வரும்வரை அவரை உங்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதே தரகருக்கு லாபம். கூடுதல் தொகை பத்திரத்தில் ஏறாமல் கைமாறுவதால் வாங்குபவரும் சிக்கிக்கொள்கிறார். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு 54,000 ரூபாய் மிச்சம் என்று அன்றைக்கு அவர் மகிழ்ந்திருப்பார். நாளை அவர் அந்த வீட்டை விற்கும்போது வருமான வரிக்கு வாங்கிய விலையாக நாற்பதைத்தான் காட்ட முடியும். கொடுத்த ஆறு லட்சம் அவர் லாபக் கணக்கில் வந்து உட்காரும். தொகையை மறைத்துப் பதிவு செய்வது முத்திரைச் சட்டத்தின்படி குற்றம் என்பது தனி.

தரகருக்கு ஊக்கம் கொடுக்க விரும்பினால் அதற்கு நேர்வழி இருக்கிறது. நாற்பது லட்சம் வரை ஒரு சதவீதம், அதற்கு மேல் கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம் என்று பேசியிருந்தால், நாற்பத்தாறுக்கு விற்றபோது அவருக்கு 40,000, 60,000 என்று மொத்தம் ஒரு லட்சம் கிடைத்திருக்கும். உங்களுக்கு நாற்பத்தைந்து வந்திருக்கும். பத்திரத்திலும் உண்மைத் தொகையே ஏறியிருக்கும்.

கேள்வி: ஒரே தரகர் இரு தரப்பிலும் தரகு வாங்குவது சரியா? — சேரன்மகாதேவி வாசகர்

பதில்: இரு தரப்புக்கும் தெரிந்தால் சரி. ஒருவருக்கு மறைத்தால் சரியன்று.

கேள்வி: பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். சங்கரன்கோவில் பகுதியில் வீட்டுமனை விற்பனை முகவராக விரும்புகிறேன். உரிமம் வேண்டுமா?

பதில்: எதை விற்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டிய மனைப்பிரிவுகளிலோ அடுக்குமாடிக் கட்டடங்களிலோ விற்பனைக்கு உதவுவதாக இருந்தால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் நீங்களும் முகவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவாகாத மனைப்பிரிவை விற்க உதவக் கூடாது. கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. பதிவு செய்யாமல் இந்த வேலையைச் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை, மனை மதிப்பில் ஐந்து சதவீதம் என்ற எல்லைக்குள், அபராதம் விதிக்க இடமுண்டு. விவசாய நிலம், ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பழைய வீடு ஆகியவை இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்பதாலேயே, அங்கே உங்கள் பெயரைத் தவிர வேறு முதலீடு உங்களுக்குக் கிடையாது. சர்வே வரைபடம் படிக்கவும், வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு நிற்கிறதா என்று பார்க்கவும் ஒரு பத்திர எழுத்தரிடம் ஆறு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: களக்காட்டில் ஒரு வாழைத் தோட்டத்தை வாங்கப் பேசி முடித்திருக்கிறோம். முன்பணம் மூன்று லட்சத்தைத் தம்மிடம் ரொக்கமாகக் கொடுத்தால் போதும், உரிமையாளரிடம் சேர்த்துவிடுவதாகத் தரகர் சொல்கிறார். ஒரே ஊர்க்காரர் என்பதால் மறுக்கத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: ஊர்க்காரர் என்பதை வைத்தே மறுக்கலாம்: ‘நாளைக்கு உங்கள் மீது ஒரு சொல் வந்துவிடக் கூடாது, அதனால் நேராக அவர் கணக்கிலேயே போட்டுவிடுகிறேன்’ என்று சொல்லுங்கள். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். எனவே இதில் வருத்தப்பட அவருக்கும் காரணம் இல்லை. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கிரய ஒப்பந்தத்தை எழுதி, பட்டாவில் பெயருள்ள அனைவரும் கையெழுத்திட, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். 2012 டிசம்பர் முதல் அதுவும் கட்டாயம். தோட்டத்தில் நிற்கும் தார்களை வெட்டிக்கொள்வது விற்பவரா, நீங்களா என்பதையும் அதே ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தரகருக்கு அன்றைக்கு வழிச்செலவுக்கென்று ஏதாவது கொடுங்கள். பேசிய தரகின் மீதியைக் கிரயம் பதிவாகும் நாளில், அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் கொடுத்துவிடுங்கள்.