தினமும் ஜெபமாலை சொல்கிறேன். பிறகு பாவசங்கீர்த்தனம் எதற்கு?

கேள்வி: பாம்பன் பக்கம் விசைப்படகுத் தொழில். தினமும் ஜெபமாலை சொல்லி, அதிலேயே ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். அதற்கு மேல் மனந்திரும்புதல், குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) எல்லாம் எதற்கு?

பதில்: ஜெபமாலையை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஜெபம் மட்டுமே மனந்திரும்புதல் ஆகிவிடாது. லூக்கா 18இல் வரும் பரிசேயர் வாரம் இரண்டு முறை நோன்பிருப்பவர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பவர். அவருடைய ஜெபத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள், அதில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. வரிதண்டுபவர் கேட்டது பாவியாகிய தன்மேல் இரக்கம், அவ்வளவுதான். கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பியது அவர்தான்.

பழைய ஞானோபதேசத்தில் (மறைக்கல்வியில்) ஐந்து காரியம் சொல்லிக்கொடுப்பார்கள்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் பாவத்தைச் சொல்வது, அபராதம் (குரு விதிக்கும் பரிகாரம்) தீர்ப்பது. பெரும்பாலும் கோளாறு முதல் காரியத்திலேயே தொடங்குகிறது. வரிசையில் நிற்கும்போது யோசித்தால் "கோபப்பட்டேன், பொய் சொன்னேன்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. முந்தின இரவே கால் மணி நேரம் ஒதுக்கி, பத்துக் கட்டளைகளையும் உங்கள் தொழிலோடு வைத்துப் பாருங்கள். ஏழாம் கட்டளை (சிஎஸ்ஐ எனும் தென்னிந்தியத் திருச்சபையின் கணக்கில் எட்டாவது) களவைப் பற்றியது. எடையில் கைவைத்தது, கூட வந்தவரின் பங்கைக் குறைத்தது, ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு வேறு படகில் ஏறியது, ராத்திரி இழுவைமடியோடு (விசைப்படகு இழுத்துச் செல்லும் வலையோடு) போய் நாட்டுப்படகுக்காரரின் நண்டு வலையை அறுத்துவிட்டு விளக்கை அணைத்துப் போனது, எல்லாம் அதற்குள் வரும்.

குருவிடம் சொல்லும்போது சாவான பாவத்தின் (தெரிந்தே, மனதாரச் செய்த கனமான பாவத்தின்) வகையையும் எத்தனை முறை என்பதையும் சொன்னால் போதும். கதை வேண்டாம், மச்சான் செய்ததும் வேண்டாம். "எல்லாப் பாவமும் செய்தேன் ஃபாதர்" என்பதும் உதவாது. மறந்துபோன பாவம் மன்னிக்கப்படுகிறது. நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிவிட வேண்டும். தெரிந்தே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. பங்குச்சாமிக்குக் குரல் தெரிந்துவிடும் என்ற கூச்சம் சின்ன ஊரில் இருக்கத்தான் செய்யும். கேட்டதை நேரடியாக வெளியே சொல்லும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபைக்குப் புறம்பாகிறார், அவ்வளவு கடுமையான சட்டம் அது. அப்படியும் கூச்சம் போகாவிட்டால் வேறு பங்குக்குப் போங்கள், தடையில்லை.

அடுத்ததுதான் பலர் தப்பவிடும் இடம். குரு அபராதமாகக் கொடுக்கும் மூன்று "அருள் நிறைந்த மரியே" வலைக்காசைத் தீர்த்துவிடாது. அறுந்த வலைக்கு ஈடு கொடுப்பது தனிக் கடமை. மோசே சட்டம் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பச் சொன்னது. நற்செய்தியில் மனந்திரும்பிய வரிதண்டுபவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். உங்களிடம் நான்கு மடங்கு யாரும் கேட்கவில்லை. கயிறு, மிதவை, அன்றைக்குப் போன மீன்பாடு இவற்றின் நியாயமான விலை போதும். முகம் காட்ட முடியாவிட்டால் குருவிடமே பணத்தைக் கொடுத்துப் பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கச் சொல்லலாம். மொத்தமாக முடியாதா? தவணையில் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது என்பது எந்தக் குருவுக்கும் தெரியும். கொடுப்பேன் என்ற உறுதி மெய்யானால் மன்னிப்பு கடைசித் தவணை வரை காத்திருக்காது.

ஜெபத்தோடு மனந்திரும்புதல் முடிவதில்லை என்பதற்கு இந்த ராமநாதபுரம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. மறவர் சீமையின் இளவரசர் தடியத்தேவர் நோயில் கிடந்தபோது நற்செய்தி வாசித்து ஜெபித்தார்கள், குணமானார். உடனே ஞானஸ்நானம் கேட்டார். மறைப்பணியாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) சம்மதிக்கவில்லை, ஒரு மனைவியோடு வாழ முடிவெடுத்த பிறகுதான் கொடுத்தார். ஒதுக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். (அந்தப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பதையும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.) அந்த உறவுப் பெண் சேதுபதியிடம் முறையிட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. இன்று அங்கே போய், அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பும் செம்மண்ணை மட்டும் முடிந்துகொண்டு திரும்புகிறவர்கள், வாழ்க்கையை மாற்றிக்கொண்ட அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

நடுக்கடலில் குரு இல்லையே என்றால், உத்தம மனஸ்தாபம் இருக்கிறது. நரகத்துக்குப் பயந்து அல்ல, கடவுளை நேசிப்பதால் வருந்தி, கரை ஏறி முடிந்தவரை சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற தீர்மானத்தோடு ஜெபித்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படும். ஆனால் சாதாரணமாகப் பாவசங்கீர்த்தனம் முடித்த பிறகே நற்கருணை வாங்க வேண்டும். காற்று அடங்கியதும் அந்தத் தீர்மானமும் அடங்கிவிடுவதுதான் வழக்கமான பிரச்சினை. வருடத்துக்கு ஒருமுறையாவது சாவான பாவங்களைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1215இலிருந்து இருக்கிறது. தவக்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபையார் 1 யோவான் 1:9ஐ வைத்து நேரே கடவுளிடம் அறிக்கையிடுகிறார்கள். அவர்களுக்கும் சக்கேயுவின் கணக்கு, அதாவது எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை, உண்டு.

யார் வலை என்றே தெரியாவிட்டால், விசாரித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டு அதை நேர்த்திக்கடன் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.