கால்மாட்டில் நின்று பார்க்கப் பழக்குங்கள்

பேராதனையில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூற்றியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளர் ஒருவர் கேட்கிறார்: "வெட்டிப் பார்க்கும் வகுப்பில் ஈரலைச் சட்டென்று காட்டுகிறவர்கள், சீ.ரீ. ஸ்கான் (CT) படத்தைப் போட்டால் இடம் வலம் தெரியாமல் விழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

உறுப்பின் பெயரில் தொடங்காதீர்கள். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில் தொடங்குங்கள். குறுக்குவெட்டுப் படம், மல்லாந்து படுத்தவரின் கால்மாட்டில் நின்று தலைப்பக்கம் பார்ப்பது போல அமைவது. அதனால் நோயாளியின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாக வரும், ஈரலும் படத்தின் இடப்பக்கம் தெரியும். வாயால் சொன்னால் இது மனதில் ஏறாது. ஒரு மாணவரை மேசையில் படுக்கவிட்டு, மற்றவர்களைக் கால்மாட்டில் நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு றாத்தல் பாண் வாங்குங்கள். கரண்டிக் காம்பை அதன் நீளவாக்கில் கொஞ்சம் சாய்வாகக் குத்தி எடுத்துவிட்டு, துண்டு துண்டாக வெட்டி வரிசையில் அடுக்குங்கள். ஓட்டை துண்டுக்குத் துண்டு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு, இரத்தக்குழாய் ஏன் படத்துக்குப் படம் இடம் மாறுகிறது என்று விளக்கவே தேவையில்லை.

முதல் மாதம் ஒரே மட்டம் போதும். முதலாவது நாரி முள்ளென்பு (இடுப்புப் பகுதியின் முதல் முதுகெலும்பு) மட்டத்தைத்தான் நான் எடுப்பேன். ஈரல், சதையி (கணையம்), இரண்டு சிறுநீரகங்கள், என்புக்கு முன்னால் சற்று இடப்பக்கமாகப் பெருநாடி, வலப்பக்கம் கீழ்ப்பெருநாளம் எல்லாம் அங்கே கூடிவிடும். பெயர் எழுதாத படத்தைக் கொடுத்து, முதலில் வரையச் சொல்லுங்கள். மலையகப் பிள்ளைகள் பலர் உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு வருகிறவர்கள். முதல் சுற்றில் 'சதையி' என்றே எழுதட்டும், ஆங்கிலப் பெயர் அடுத்த சுற்றில் வரலாம். இடத்தையும் மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்க வைப்பது நியாயமில்லை.

சீ.ரீ. படத்தின் கறுப்பு, வெள்ளையை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் இப்போதைக்கு மூன்று எண்கள் தெரிந்தால் சரி: தண்ணீர் 0, காற்று ஏறக்குறைய −1000, கொழுப்பு −100 அளவில். என்பு இவற்றுக்கெல்லாம் மிக மேலே.

அல்ட்ராசவுண்ட் கருவி கிடைத்தால் விடாதீர்கள், அதில் கதிர்வீச்சு இல்லை. சம்மதிக்கும் ஒரு மாணவரின் கழுத்தில் வைத்து மெல்ல அழுத்துங்கள். நாளம் நசுங்கிவிடும், நாடி வட்டமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். பதப்படுத்திய உடலில் இதைக் காட்டவே முடியாது.

ஒன்றை மறக்க வேண்டாம்: வைத்தியசாலைப் படங்களை உரிய அனுமதியோடு மட்டும் எடுங்கள். திரையில் போடுமுன் நோயாளியின் பெயர், இலக்கம், திகதி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.