கம்பிக்கூடு ஏன் புரள்கிறது?

அன்புள்ள அண்ணாவுக்கு,

உப்புவெளியில் எங்கள் வாடிக்குப் பக்கத்தில் வலை கட்டாத நண்டுக்கூடு ஒன்று கிடக்கிறது. வெறும் கம்பிப் பெட்டி. விடியற்காலை வெளிச்சத்துக்கு எதிரே அதையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்பக்கம் திடீரென்று பின்பக்கமாகிவிடுகிறது. பிறகு பழையபடி மாறுகிறது. யாரும் அதைத் தொடவில்லை. கோளாறு என் கண்ணிலா, மனசிலா?

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டிலும் இல்லை. சுவிஸ் நாட்டுப் படிகவியல் அறிஞர் லூயி நெக்கர் 1832இல் படிகங்களின் கோட்டுப்படங்களைப் பார்க்கும்போது இதையே கண்டு எழுதினார். உங்கள் கூட்டைப் போன்ற படத்துக்கு ‘நெக்கர் கனசதுரம்’ என்றே பெயர்.

விழித்திரையில் விழுவது தட்டையான படம். ஆழத்தை மூளைதான் ஊகிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே கறுத்துத் தெரியும் வெறுங்கம்பிக்கு ‘இந்தப் பக்கம் முன்னே’, ‘அந்தப் பக்கம் முன்னே’ என்ற இரண்டு ஊகங்களும் சரிசமமாகப் பொருந்துகின்றன. மூளை இரண்டையும் கலப்பதில்லை, ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அதைத் தாங்கும் நரம்பணுக்கள் மற்ற ஊகத்துக்கு உரியவற்றை அடக்கி வைக்கின்றன. ஆனால் நேரம் போகப்போக அவை களைக்கின்றன, பிடி தளர்கிறது, மற்றது மேலே வருகிறது. நரம்பணுக்களில் எப்போதுமுள்ள ஒழுங்கற்ற சலனமும் இதில் சேர்வதால் அடுத்த மாற்றம் எந்த நொடியில் வரும் என்று சொல்ல முடியாது. இதுவே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஒரே தோற்றத்தைப் பிடித்து வைக்க முயன்று பாருங்கள். கொஞ்சம் நீட்டலாம், நிறுத்த முடியாது.

நரம்பியல் ஆய்வாளர் நிக்கோஸ் லோகோதெடிஸ் குழுவினர் குரங்குகளின் இரு கண்களுக்கும் வேறுவேறு படங்களைக் காட்டினார்கள். அப்போதும் காட்சி மாறிமாறித்தான் வரும். கண்ணின் செய்தி முதலில் வந்து சேரும் மூளைப் புறணிப் பகுதியில் சிறுபகுதி நரம்பணுக்களே அந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தன. பொருட்களை அடையாளம் காணும் கீழ்ப் பொட்டுமடலிலோ ஏறக்குறைய 90 வீதமானவை பின்தொடர்ந்தன. இது என்னை இன்னும் வியக்க வைக்கிறது. கண் கொடுத்த செய்தி மாறவேயில்லை, பார்த்தது மாறிவிட்டது. அசையாமல் நிற்கும் கோணேசர் மலைகூட மூளையின் ஊகம்தான். அங்கே போட்டிக்கு இன்னொரு ஊகம் இல்லை, அவ்வளவுதான்.

பொருள் இரண்டாகத் தெரிவது, கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைவது எல்லாம் வேறு. அப்படி வந்தால் அன்றே கண் டொக்டரிடம் போங்கள்.

சரி, நாளைக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூட்டைப் பாருங்கள், இன்னும் எளிதாகப் புரளும். புரண்டிருக்கும்போது தலையை மெல்ல இடவலமாக அசையுங்கள். கிடந்த இடத்திலேயே கிடக்கும் கூடு உங்களோடு சேர்ந்து திரும்பும். ஆழத்தைத் தலைகீழாக எடுத்துக்கொண்ட மூளை அசைவையும் அதை வைத்தே கணக்கிடுகிறது.