1,800 ரூபாய் தருகிறார்களே, ஷேரைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி (2025 நவம்பர்): நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பென்ஷன் வருடத்துக்கு 5 லட்சம் வருகிறது, வேறு வருமானம் இல்லை. 2022-ல் 1,400 ரூபாய் விலையில் வாங்கிய 55 இன்ஃபோசிஸ் ஷேர்கள் இருக்கின்றன. சந்தையில் 1,500 சொச்சத்துக்குப் போகும் ஷேரை கம்பெனியே 1,800 ரூபாய்க்கு வாங்குவதாக மெயில் வந்திருக்கிறது. தன் ஷேரைத் தானே வாங்க சட்டம் விடுமா? மகன் "கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள்" என்கிறான்.

பதில்: விடும் அம்மா. 1998 வரை விட்டதில்லை. அந்த அக்டோபரில் வந்த அவசரச் சட்டம்தான் பைபேக்குக்கு, அதாவது கம்பெனி தன் ஷேரைத் தானே திரும்ப வாங்குவதற்கு, வழி திறந்தது. இப்போது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 68-வது பிரிவும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2018 விதிமுறைகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. கஜானாவை ஷேர்ஹோல்டர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, கடன் கொடுத்தவர்களை அம்போவென்று விட்டுவிடக் கூடாதே! அதனால்தான் மூலதனமும் உபரி இருப்பும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் செலவழிக்க முடியாது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஷேர்ஹோல்டர்கள் ஓட்டுப் போட வேண்டும். முடிந்த பிறகு கம்பெனியின் கடன், சொந்த மூலதனத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். வாங்கிய ஷேர்களை 7 நாளில் அழித்துவிட வேண்டும். பெட்டியில் வைத்திருந்து பிறகு விற்கும் கதையெல்லாம் இங்கே கிடையாது.

உங்களுக்கு முக்கியமான விதி வேறு. ரெக்கார்ட் டேட்டான, அதாவது யாரிடம் எத்தனை ஷேர் என்று கணக்கெடுக்கும் நாளான 2025 நவம்பர் 14 அன்று 2 லட்சம் ரூபாய் மதிப்புக்குள் வைத்திருந்தவர்கள் சிறு முதலீட்டாளர்கள். மொத்தத்தில் 15 சதவீதம் அவர்களுக்கென்று ஒதுக்கப்படும். இந்த முறை அவர்களிடம் உள்ள 11 ஷேருக்கு 2 கட்டாயம் வாங்கப்படும். உங்கள் 55-ல் 10 ஷேர் நிச்சயம். மீதியையும் கொடுக்கலாம், கொஞ்சம் ஏற்கப்படலாம். ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மகன் கண்ணை மூடச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2025-ல் உள்ள விதிப்படி, 2024 அக்டோபர் 1 முதல் பைபேக்கில் வரும் முழுத் தொகையும் டிவிடெண்ட் (கம்பெனி பிரித்துக் கொடுக்கும் லாபப் பங்கு) என்றே வரிக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது, லாபம் மட்டுமல்ல. உங்களுக்கு வரும் 18,000 ரூபாயில் 1,800-ஐ டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரியாகப் பிடிப்பார்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், ரிட்டர்ன் போட்டால் அது திரும்ப வந்துவிடும். அந்த 10 ஷேரை நீங்கள் வாங்கிய விலையான 14,000, வரிக் கணக்கில் மூலதன நஷ்டமாகிவிடும். 8 வருடத்துக்குள் நீண்டகால மூலதன லாபம் வந்தால் அதில் கழிக்கலாம். உங்களுக்கு இது நல்ல பேரம்தான், கொடுங்கள்.

மகனிடமும் இதே ஷேர் இருந்து, அவர் 30 சதவீத வரி கட்டுபவர் என்றால் ஒரு ஷேருக்கு 540 ரூபாய் வரிக்கே போகும். கையில் மிஞ்சுவது 1,260. விற்கத்தான் வேண்டுமென்றால் சந்தையிலேயே விற்கட்டும்.

சரி, 2025 நவம்பர் 26 கடைசி நாள். புரோக்கர்கள் தங்கள் ஆப்பில் அதற்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள், இன்றே பார்த்துவிடுங்கள்.