ஸ்க்ரூ முடுக்கும் முனை ஏன் நிமிர்கிறது? ரோபோ கைக்குச் சாய்வு எல்லை வைப்பது எப்படி?

கேள்வி: சேதராப்பட்டில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு ஸ்க்ரூ முடுக்க யுனிவர்சல் ரோபோட்ஸ் நிறுவனத்தின் இ-சீரிஸ் ரோபோ கை ஒன்று போட்டிருக்கிறோம். ஸ்க்ரூ எடுக்கும் இடத்திலும் முடுக்கும் இடத்திலும் பிட் (ஸ்க்ரூவைத் திருகும் முனை) கீழேதான் பார்க்கிறது. இடையில் போகும்போது மட்டும் நிமிர்ந்து, எதிரே ஸ்டூலில் இருந்த பெண்ணின் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. சேஃப்டியில் டூல் டைரக்‌ஷன் (பிட் பார்க்கும் திசைக்கான எல்லை) எத்தனை டிகிரி வைக்கலாம்?

பதில்: முதலில் அந்த ஸ்டூலை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். எல்லை வைத்துச் சோதித்து முடிக்கும்வரை அங்கே யாரும் உட்காரக் கூடாது. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களுக்காக 2016-இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற பாதுகாப்பு ஆவணம், கண், முகம், தொண்டை மீது ரோபோ படுவதை இயன்றவரை தடுத்தே ஆகவேண்டும் என்கிறது. கூர்முனைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கையில் கோளாறு ஏதும் இருக்காது. மூவ்ஜே (மூட்டுகளை நகர்த்தும்) கட்டளை கொடுத்திருப்பீர்கள். அதில் ஆறு மூட்டுகளும் தத்தம் கோணத்துக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரும்; வழியில் பிட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. முனையை நேர்கோட்டில் கொண்டுபோகும் மூவ்எல் போட்டாலோ, நடுவில் ஒரு புள்ளி வைத்தாலோ சரியாகும். ஆனால் நாளைக்கு யாராவது ஒரு புள்ளியை மாற்றினால் பழைய கதைதான். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய சேஃப்டி எல்லை அதற்காகவே வேண்டும்.

அந்த எல்லை ஒரு கூம்பு. நீங்கள் கொடுக்கும் டிகிரி, நடு அச்சிலிருந்து எல்லாப் பக்கமும் அளக்கப்படுவது. 30 என்றால் கூம்பின் முழு அகலம் 60 டிகிரி. பிட் 150 மி.மீ. நீளம் என்றால், 30 டிகிரி சாய்வில் அதன் முனை 75 மி.மீ. பக்கவாட்டில் போகும், 15 டிகிரியில் ஏறத்தாழ 39 மி.மீ. நேர்த்துளையில் முடுக்கச் சாய்வே தேவையில்லை, எனவே 15-இல் தொடங்குங்கள். துளையே 20 டிகிரி சாய்ந்திருந்தால் 25 வையுங்கள்.

பலர் தவறுவது டிகிரியில் அல்ல, நடு அச்சில். ரோபோவுக்குக் 'கீழ்' என்பது தன் அடித்தளத்தை வைத்துத்தான். மேசை சாய்ந்திருந்தால் கூம்பும் சாய்ந்தே நிற்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டைப் பிட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. அடுத்தது, ஸ்க்ரூடிரைவரை எல்-பிராக்கெட்டில் மாட்டியிருந்தால் பிட் கீழே பார்க்கும்போது ஃபிளேஞ்ச் (கை நுனியில் கருவி மாட்டும் வட்டத்தட்டு) பக்கவாட்டில் பார்க்கும். நீங்கள் சொல்லாதவரை சேஃப்டி அமைப்பு, ஃபிளேஞ்சின் திசையைத்தான் டூலின் திசையாக எடுத்துக்கொள்ளும். சேஃப்டி திரையிலேயே டில்ட் (சாய்வு), பேன் (திருப்பம்) கோணங்களைக் கொடுங்கள், அல்லது சரியாக அமைத்த டிசிபியிலிருந்து (ரோபோவில் பதிந்த கருவி முனையின் இடமும் திசையும்) எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது பிட்டைக் கழற்றி, அதே நீளத்துக்கு ஒரு பழைய பால்பாயிண்ட் பேனாவை டேப் சுற்றி ஒட்டுங்கள். ஃப்ரீடிரைவில் (ரோபோவைக் கையால் நகர்த்தவிடும் முறை) ரோபோ கையைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். எல்லை நெருங்க நெருங்க கை உங்களை எதிர்த்துத் தள்ளும். நான்கு பக்கமும் செய்யுங்கள். ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் எதிர்த்தால் நடு அச்சு தவறு.

இந்த எல்லை சாய்வை மட்டுமே பார்க்கும். பிட் தன் அச்சிலேயே சுழல்வதையோ, கை எவ்வளவு தூரம் போகிறது என்பதையோ பார்க்காது. கீழே பார்த்தபடியே பிட் அந்தப் பெண்ணின் விரல்மேல் இறங்கலாம். ஆளுக்கும் ரோபோ கைக்கும் நடுவே ஒரு சேஃப்டி பிளேனும் (ரோபோ தாண்டக் கூடாத கற்பனைச் சுவர்) போடுங்கள். அங்கும் ஒரு கவனம்: சேஃப்டியின் டூல் பொசிஷன் பகுதியில் பிட்டின் முனையை நீங்களே சேர்க்காவிட்டால், பிளேன் ஃபிளேஞ்சை மட்டுமே தடுக்கும், முனை தாண்டிப் போய்விடும். பிட்டை மூடும் உறை கிடைத்தால் வாங்கி மாட்டுங்கள். இதில் செலவைப் பார்க்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் பெண்டன்ட் (ரோபோவை இயக்கும் கைப்பலகை) திரையில் தெரியும் சேஃப்டி செக்சம் என்ற அடையாளக் குறியீட்டைச் சீட்டில் எழுதி கன்ட்ரோலர் பெட்டிமேல் ஒட்டுங்கள். சேஃப்டியில் யாராவது கைவைத்தால் அது மாறிவிடும். காலையில் முதலில் வருபவர் திரையையும் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஸ்டூலைப் போடட்டும்.