பந்தும் பட்டமும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றில் பட்டம் பெறுவோர் விகிதம் ஒரு பட்டியலில் 50 சதவீதம், இன்னொன்றில் 100 என்று இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டும் சரிதான், கணக்குப் போடும் முறைதான் வேறு. அரசின் கணக்கு, முதலாண்டில் ஸ்காலர்ஷிப்புடன் சேர்ந்தவர்கள் ஆறு ஆண்டுக்குள் அதே கல்லூரியில் பட்டம் வாங்கினார்களா என்று மட்டும் பார்க்கும். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஜி.எஸ்.ஆர். (பட்டம் பெறுவோர் விகிதத்துக்கு அது போடும் கணக்கு), படிப்பில் பாக்கி இல்லாமல் கிளம்பியவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். நடுவில் வந்து சேர்ந்தவரைக் கூட்டிக்கொள்ளும்.

நான்கு பேர் சேர்கிறார்கள். இருவர் பட்டம் வாங்குகிறார்கள். ஒருவர் வேறு கல்லூரிக்கும், ஒருவர் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வுக்கும் ஒழுங்காகப் படித்துவிட்டே போகிறார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவரும் பட்டம் பெறுகிறார். அரசுக் கணக்கில் நாலுக்கு இரண்டு, 50 சதவீதம். ஜி.எஸ்.ஆரில் மூன்றுக்கு மூன்று, 100. கல்லூரி விளம்பரத்தில் எது வரும் என்று சொல்லவே வேண்டாம்.

ஏ.பி.ஆர். என்கிறார்களே, அது என்ன? கூடைப்பந்து அணிகள் மட்டும் ஏன் அதில் அடிக்கடி மாட்டுகின்றன?

அணியின் படிப்பு நிலையை அளக்க என்.சி.ஏ.ஏ. போடும் மதிப்பெண் அது. ஸ்காலர்ஷிப் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு செமஸ்டருக்கு 2 புள்ளி: ஆடும் தகுதியோடு முடித்தால் 1, கல்லூரியில் தொடர்ந்தால் 1. கிடைத்ததை, கிடைத்திருக்க வேண்டியதால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். நான்கு ஆண்டுக் கணக்கு 930-க்குக் கீழே போனால் தேசியத் தொடருக்குத் தடை.

மாட்டிவிடுவது அணியின் அளவு. 13 பேர் என்றால் ஆண்டுக்கு மொத்தமே 52 புள்ளி. இருவர் படிப்பில் தகுதி இழந்த நிலையில் வெளியேறி, ஒரே செமஸ்டரில் ஆளுக்கு இரண்டு புள்ளியையும் இழந்தால் 48/52, அதாவது அந்த ஆண்டு 923. அதே இருவர் 85 பேர் கொண்ட அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தால் 336/340, சுமார் 988.

தேசியத் தொடர் ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். செமஸ்டர் மே வரை ஓடும். என்.பி.ஏ. கனவில் இருப்பவர் அந்த இடைவெளியில் வகுப்பை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போவதுதான் வழக்கமான விபத்து. அந்த செமஸ்டரில் குறைந்தது 6 கிரெடிட் (தேறிய பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) தேறி, ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளையும் காப்பாற்றிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால் அணிக்குப் புள்ளி இழப்பு இல்லை. கல்லூரியின் படிப்பு ஆலோசகர்கள் வீரர்களிடம் கெஞ்சுவது இதற்காகத்தான்.

கனெக்டிகட் பல்கலைக்கழக ஆண்கள் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் சாம்பியன், ஏ.பி.ஆர். குறைந்ததால் 2013 தொடரில் ஆடவே அனுமதி இல்லை. 2014-ல் மறுபடி சாம்பியன்!

மதிப்பெண் நன்றாக இருந்தும் சில வீரர்கள் தகுதி இழக்கிறார்களே?

40-60-80 விதி. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான கிரெடிட்டில் 40 சதவீதமும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 60, 80 சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் படிப்பு என்றால் 48, 72, 96. எடுத்துக்கொண்ட பட்டத்துக்குப் பொருந்தும் கிரெடிட் மட்டும்தான் இதில் செல்லும். கையில் 60 இருந்தும், பாடப்பிரிவை மாற்றியதால் 40 மட்டுமே பொருந்தினால், மூன்றாம் ஆண்டில் ஆடாமல் உட்கார வேண்டியதுதான். கல்லூரி மாறுவதென்றால், கையெழுத்துப் போடும் முன் எத்தனை பொருந்தும் என்று புதிய கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்படியானால் எண் நன்றாக இருந்தால் படிப்பும் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கூடாது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் பற்றி 2014-ல் வந்த விசாரணை அறிக்கை, 18 ஆண்டுகளில் 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பே நடக்காத பாடங்களில் பதிந்ததைக் காட்டியது. ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். பலவற்றைத் திருத்தியவர் பேராசிரியர்கூட இல்லை, அலுவலக ஊழியர். விளையாட்டு வீரர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். அந்தப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்பதால், 2017-ல் என்.சி.ஏ.ஏ. அதற்குத் தண்டனை விதிக்கவில்லை.